பித்தளை

ஆகஸ்ட் 29

இன்று அண்ணனிடம் சொல்லாதது: அந்த வால்வு கொச்சியிலிருந்து வரவில்லை. நேரு வீதியில் குழாய்ச் சாமான் விற்கிற கடையில், ஷவர் தலைகளுக்கும் கழிப்பறை மூடிகளுக்கும் நடுவிலிருந்து நானே பொறுக்கி எடுத்தது.

“வந்துட்டுதா?” என்று கேட்டான்.

“வந்துட்டுது” என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

படகின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஒரு துளை இருக்கிறது. எஞ்சின் சூடாகாமல் இருக்க அதன் வழியாகத்தான் கடல் தண்ணீர் உள்ளே வர வேண்டும். ஒரு படகுக்கு வேண்டுமென்றே அடியில் துளை போட்டு வைப்பார்கள் என்பது இந்த மே மாதம் வரை எனக்குத் தெரியாது. அந்தத் துளைக்கும் படகின் வயிற்றுக்கும் நடுவில் காவல் நிற்பது கையகல வால்வு ஒன்று மட்டும். பழையது இறுகிப்போயிருந்தது. படகுப் பட்டறைத் தேசிங்கு சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், கைப்பிடியோடு முறிந்து வந்துவிட்டது. கொச்சியில் படகுச் சாமான் விற்கிறவரிடம் வெண்கல வால்வு கேட்டால் மூன்று வாரம் ஆகும் என்கிறார். கிரேன் செப்டம்பர் 2 வரைதான் இங்கே இருக்கும். அதற்குப் பிறகு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டுப் பொங்கல் கழித்துத்தான் திரும்பும்.

அண்ணன் குடியை விட்டு இருநூற்றுப் பதினொரு நாள் ஆகிறது. அவன் எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன். பொங்கல் வரைக்கும் படகு கரையில்தான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“பித்தளைம்மா. நம்ம காலத்துக்கும் நிக்கும்” என்றார் கடைக்காரர். கனமாக இருந்தது. மஞ்சளாக, பார்க்க நன்றாக இருந்தது.


ஆகஸ்ட் 30

வால்வைப் பொருத்தியாயிற்று. தேசிங்கு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மீனவர்களுக்கு ஃபைபர் படகு செய்து கொடுப்பவர். பாய்மரப் படகில் கைவைப்பது இதுதான் முதல் தடவை. எங்களுக்கும்தான்.

“இன்னாம்மா இது, எங்க வூட்டு மாடி டேங்குக்குப் போட்ட மாதிரியே இருக்குது?”

“அது வேற இது வேற, தேசிங்கு. கொச்சியிலேருந்து வரவழைச்சது” என்றான் அண்ணன், கொஞ்சம் பெருமையாக.

“கொச்சியிலேருந்து வந்தா தண்ணிக்குத் தெரியுமா சார்?”

மூன்று பேரும் சிரித்தோம். நான் தேவைக்கு அதிகமாகச் சிரித்தேன்.


செப்டம்பர் 2

எங்கள் படகு மதலேன் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

தேசிங்கு எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் வாங்கி வந்திருந்தார். அண்ணன் வில்லியனூர் மாதா கோயிலிலிருந்து ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தான். யார் முதலில் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ரெண்டு சாமியும் சேந்து பாத்துக்கட்டும் சார். பழைய படகு, ஒராளால ஆவாது” என்றார் தேசிங்கு.

கிரேன் தூக்கியபோது அவளுடைய அடிப்பாகம் முழுவதும் ஒரு கணம் வெயிலில் தெரிந்தது. நாங்கள் ஆறு வாரம் சிப்பி சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, சிவப்புப் பூச்சு அடித்த வயிறு. என் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை. அலுவலகத்தில் மருதாணியா என்று கேட்கிறார்கள்.

படகு மிதந்ததும் அண்ணன் அழுதான். நான் அழவில்லை. எல்லாருக்கும் முன்னால் உள்ளே இறங்கி, தரைப் பலகையைத் தூக்கி, வால்வைப் பார்த்தேன்.


செப்டம்பர் 3

உள்ளே தண்ணீர் இல்லை. மூன்று முறை பார்த்தேன்.


செப்டம்பர் 11

தலையணைகளின் பூஞ்சையை வினிகர் போட்டுத் துடைத்தேன். பெரிய பாயில் இரண்டு கிழிசல். முதலியார்பேட்டையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்திருக்கிறோம். “எந்த லாரிக்கும்மா இது முக்கோணமா இருக்குது?” என்று கேட்டாராம்.

எப்படி இதற்குள் வந்து விழுந்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். நான் பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். பெரும்பாலும் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, ஓய்வூதியக்காரர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கான சான்று. அப்படி வந்தவர்தான் முசியே லெகார். பிரெஞ்சுக்காரர், எண்பது வயது. ஊர் திரும்புவதற்கு முன் படகை யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். நாற்பத்தைந்து வருடப் பழைய படகு, இருபத்தேழு அடி, தேங்காய்த்திட்டில் ஒரு படகுப் பட்டறையின் மூலையில் கவிந்த தென்னோலைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. விலை என்று அவர் சொன்னது ஒரு பழைய ஸ்கூட்டரின் விலை.

எனக்குக் கடலைப் பற்றிப் படிக்கத்தான் தெரியும். அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் கடற்பயணங்கள். ஆனாலும் நான் அதை எனக்காக வாங்கவில்லை. அப்போது அண்ணன் குடியை விட்டு நாலாவது மாதம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை போயிருந்தது. அண்ணி குழந்தையோடு கடலூருக்குப் போய்விட்டிருந்தாள். அம்மா இறந்த பிறகு குருசுக்குப்பத்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். காலையில் எழுந்ததும் அவன் கைகளுக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும். இந்த ஊரில் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் போவதற்குள் நான்கு சாராயக்கடை தாண்ட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் வழியில் இரண்டுதான்.

அவனிடம், எனக்கு ரொம்ப நாள் ஆசை, நீதான் உதவி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.


செப்டம்பர் 19

லெகார் படகிலேயே ஒரு கையேடு விட்டுப் போயிருந்தார். பழைய படகுகளைப் பராமரிப்பது பற்றி, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. மதியம் அண்ணன் மேலே கயிறு மாற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே உட்கார்ந்து புரட்டினேன்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பித்தளை கூடாது என்று இருக்கிறது. பித்தளையிலுள்ள துத்தநாகத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிடும். வெளியே உருவம் அப்படியே இருக்கும், உள்ளே மிஞ்சுவது ரொட்டி போல உதிரும் செம்பு. நிறம் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். நல்ல இடத்தில் ஓரிரு வருடம் தாங்கலாம். பக்கத்துப் படகுகளிலிருந்து மின்சாரம் கசிகிற துறைகளில் சில மாதங்கள். லெகார் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

புளிக்குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் விட்டு வைத்ததற்காக அம்மா என்னைத் திட்டியிருக்கிறாள். வெண்கலப் பானை வேறு, பித்தளைக் குடம் வேறு என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். சமையலறையில் தெரிந்தது கடையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. இரண்டும் மஞ்சள், இரண்டும் கனம், எனக்கு அவசரம்.

மேலேயிருந்து அண்ணன், “என்ன சத்தத்தையே காணும், தூங்கிட்டியா?” என்றான்.

“படிச்சுக்கிட்டிருக்கேன்.”

“கப்பல் மூழ்குற கதையா?”

கையேட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.


செப்டம்பர் 20

தேசிங்கிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், படகு தண்ணீரில் நிற்கும்போதே அந்த வால்வை மாற்ற முடியுமா என்று.

“அத்தக் கழட்டினா கடலே உள்ள வரும்மா. மேல தூக்கித்தான் ஆவணும். ஏன், சொட்டுதா?”

“இல்ல. தெரிஞ்சுக்கலாமேன்னு.”

“புக்கு ரொம்ப படிக்கிறீங்க. அதான்.”

அவரிடமிருந்தே ஒரு கட்டைத் துண்டு வாங்கி, ஒரு முனை கூராக வரும்படி செதுக்கி, நூலால் வால்வுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தேன். உடைந்தால் துளையில் அடைக்க. கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அண்ணன் பார்த்தால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்தேன். எல்லாப் படகிலும் இப்படி ஒன்று இருக்கும் என்று. அது உண்மையும்கூட.


அக்டோபர் 4

அண்ணியோடு முக்கால் மணி நேரம் பேசினேன். ஷீலா அண்ணி கடலூரில் நர்ஸ். இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பேசினாள். குரலில் அவ்வளவு களைப்பு.

ஜெசிந்தாவுக்கு அடுத்த மாதம் ஏழு வயது முடிகிறது. அப்பாவின் படகில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்று ஒரு வாரமாக அடம். படகில் கட்டில் இருக்கிறதா, ஜன்னல் இருக்கிறதா, மீன் உள்ளே எட்டிப் பார்க்குமா என்று கேள்விகளாம்.

“டிசம்பர் பத்து, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். மறுநாள் காலையில வந்து அழைச்சுக்கறேன். நீ கூடவே படுக்கணும். நீ இருந்தாதான்.”

“இருக்கேன் அண்ணி.”

“இன்னொண்ணு. ரெண்டு வருஷம் நான் போன் பண்றப்பல்லாம் அவருக்குக் காய்ச்சல்னே சொன்ன. ஞாபகம் இருக்கா?”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“உன்மேல எனக்குக் கோவம் இல்ல. அண்ணனாச்சேன்னு சொன்ன. ஆனா இனிமே அப்படி வேணாம். திரும்பி ஆரம்பிச்சாருன்னா மொதல்ல நீதான் எனக்குச் சொல்லணும். சத்தியமா?”

“சத்தியமா.”

இந்த ஒரு இரவு நன்றாகப் போனால் மாதம் ஒருமுறை அனுப்புவதாகச் சொல்கிறாள். அண்ணனிடம் சொன்னபோது அவன் கையில் வார்னிஷ் பிரஷ் இருந்தது. அதைக் கீழே வைக்காமலே வெகுநேரம் நின்றான். சட்டையில் சொட்டியது. பிறகு முன்பக்கத்துச் சின்ன அறையை அளந்தான். ஜெசிந்தாவின் உயரம் இப்போது எவ்வளவு இருக்கும் என்று என்னைக் கேட்டான்.

அவள் படுக்கப்போகும் இடத்திலிருந்து வால்வு நான்கு அடி. நானும் அளந்தேன்.


அக்டோபர் 17

பித்தளையின் ஓரத்தில், மரை தொடங்கும் இடத்தில், இளஞ்சிவப்பு. டார்ச் வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்தேன். கைக்குட்டையால் துடைத்தேன். இளஞ்சிவப்புதான்.


அக்டோபர் 18

மழை. நாள் முழுவதும் மொழிபெயர்ப்பு. உயிரோடு இருப்பதற்கான சான்றுகள் ஒன்பது.


அக்டோபர் 30

அண்ணன் மாலையில் வீட்டில் இருப்பதில்லை. நான்கு நாளாகக் கவனிக்கிறேன். ஐந்து மணிக்குப் படகிலிருந்து கிளம்புகிறான், வீட்டுக்கு எட்டரைக்கு வருகிறான். கேட்டால், “சும்மா நடந்துட்டு வந்தேன்” என்கிறான். மழையில் மூன்று மணி நேரம் யார் நடக்கிறார்கள்.

சாப்பிடும்போது என் முகத்தையே பார்க்கிறான். நான் நிமிர்ந்தால் தட்டைப் பார்க்கிறான். முன்பும் இப்படித்தான் இருந்தான், அந்த நாட்களில்.

அவன் குளிக்கப் போனபோது சட்டையை முகர்ந்து பார்த்தேன். தின்னர் வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதோ இருந்தது போல் இருந்தது. இல்லாமலும் இருந்திருக்கலாம். என் மூக்கை நானே நம்புவதில்லை. பத்து வருடமாக அந்தச் சட்டைகளை முகர்ந்திருக்கிறேன்.


நவம்பர் 5

எஞ்சின் முதல் தடவையாகத் தானாகப் பற்றிக்கொண்டது. அண்ணன் மேலே நின்று கைதட்டினான். நான் உள்ளே வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்கிறது. கை வைத்தேன். எடுத்தேன்.

மாலை மறுபடி போய்விட்டான்.


நவம்பர் 9

கிரேன்காரருக்கு அண்ணனுக்குத் தெரியாமல் போன் செய்தேன். பொங்கலுக்கு முன் முடியவே முடியாது என்கிறார்.

ஆக இரண்டே வழி. சொல்லிவிடுவது. அல்லது டிசம்பர் பத்தாம் தேதி குழந்தை வராமல் பார்த்துக்கொள்வது.

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பாய் தைத்து வந்திருந்தது. இருவரும் அதை மாட்டினோம். தார்ப்பாய்க்காரர் ஓரத்தில் லாரிகளுக்குப் போடுகிற பித்தளை வளையங்களையே போட்டிருக்கிறார். அண்ணன் அதைத் தடவிப் பார்த்து, “இது தண்ணிக்கு மேலதானே, பரவாயில்ல” என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

குனிந்து கயிற்று முடிச்சை இறுக்கினேன். அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியது. தெரிந்திருந்தால் கத்தியிருப்பான். அவன் கோபம் எனக்குத் தெரியாதா?

நான் சொல்லாமலே திரும்பினேன். பாய் நன்றாக நிற்கிறது.


நவம்பர் 14

அண்ணிக்கு போன் செய்தேன். நான் என்ன சொன்னேன் என்பதைச் சரியாக எழுதி வைக்கிறேன்.

“பத்தாம் தேதி வேணாம் அண்ணி, கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா?”

“ஏன்?”

“இல்ல… சாயங்காலம் எங்க போறான்னே தெரியல. எட்டரைக்கு வர்றான். கேட்டா நடந்தேங்கறான்.”

அங்கே ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “வாசனை வந்துதா?”

“உறுதியாத் தெரியல.”

இவ்வளவுதான். ‘குடிக்கிறான்’ என்ற சொல்லை நான் சொல்லவேயில்லை. சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது. வாசனை உறுதியாகத் தெரியவில்லை. மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டேன், பொய் இல்லை.

அண்ணி, “சத்தியத்தக் காப்பாத்திட்ட செலின். எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் உனக்கு” என்றாள். அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

குழந்தை அந்தப் படகில் தூங்கப் போவதில்லை. அதுதானே முக்கியம்.


நவம்பர் 15

குழந்தையைக் காப்பாற்றத்தான் செய்தேன்.


நவம்பர் 16

நேற்று எழுதியதைப் படித்தேன். அதற்கு மேல் இன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கப்பியில் கிரீஸ் போட்டேன். கயிற்று நுனிகளைச் சுட்டு உருக்கினேன்.


நவம்பர் 22

அண்ணன் மாலை ஆறு மணிக்கே வந்துவிட்டான். நனைந்திருந்தான். சமையலறை மேசையில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தான். மேலே கொச்சி முகவரி.

“பிரிச்சுப் பாரு.”

உள்ளே வால்வு. மங்கலான, செம்மண் சாயல் கொண்ட மஞ்சள். வெண்கலம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைகூட வித்தியாசம் சொல்லும்.

“எப்ப தெரியும்?” என்றேன்.

“நீ அந்தக் கையேட்ட எடுத்துட்டு வந்தப்பவே. ஜூன்லயே அத முழுக்கப் படிச்சிட்டேன். திடீர்னு காணும்னா எந்தப் பக்கத்துக்காகக் காணும்னு யோசிச்சேன். கீழ எறங்கி ஸ்குரூ டிரைவரால லேசா சொரண்டினேன். பித்தளைதான்னு தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன்…”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.” நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். “தெனமும் டார்ச்ச எடுத்துக்கிட்டு உள்ள போற. கட்டைய வேற செதுக்கி வச்சிருக்க. இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தேன். குடிகாரன்கிட்டதான் எல்லாரும் பாத்துப் பாத்துப் பேசுவாங்க, செலின். என்கிட்ட ஒரு கெட்ட சேதி சொன்னா நான் நேரா கடைக்குப் போயிடுவேன்னு நீ இன்னும் நெனைக்கிற. இல்லியா?”

நான் அட்டைப் பெட்டியை மடித்து மூடினேன்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் போட்டு படகக் கரைக்கு இழுக்குற எடம் ஒண்ணு இருக்கு. மீன் படகுக்குத்தான். மதலேனுக்கு அடிக்கட்டை பெருசு, நிக்காது. தொட்டில் மாதிரி ஒரு சட்டம் வேணும்னு தேசிங்கு சொன்னாரு. ஒரு மாசமா சாயங்காலத்துல நானும் அவரும் அதத்தான் செஞ்சோம். முடிச்சுட்டு உன்கிட்ட காட்டலாம்னு இருந்தேன்.”

தின்னர் வாசனை.

“மழையில எப்ப இழுக்க முடியும்னு தெரியல. அதனால மத்தியானம் ஷீலாவுக்கு போன் போட்டேன். படகு இன்னும் சரியா இல்ல, பத்தாம் தேதி புள்ளைய அனுப்ப வேணாம்னு நானே சொன்னேன். எனக்கே அப்ப கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. ஒழுங்கா ஒரு அப்பன் மாதிரி பேசுறேனேன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா?”

எனக்குத் தெரிந்தது.

“‘படகு மேல பழி போடாதீங்க, செலின் போன வாரமே சொல்லிட்டா’ன்னா.” நாற்காலியை விட்டான். “என்ன சொன்ன நீ அவகிட்ட?”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுதி வைத்திருந்ததை அப்படியே சொன்னேன், ஒரு சொல் மாறாமல். கேட்டுக்கொண்டே இருந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

“ஒரு வால்வ மாத்தி வாங்கிட்டேன்னு சொல்ல முடியல. நான் குடிக்கிறேன்னு சொல்ல முடிஞ்சுது” என்றான். பிறகு தலை துவட்டப் போனான்.


நவம்பர் 23

காலையில் அண்ணன் போனை என் முன்னால் வைத்தான். “பேசு. உள்ளதச் சொல்லு.” வெளியே போய் வாசற்படியில் நின்றுகொண்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். நேரு வீதிக் கடை, கையேடு, இளஞ்சிவப்பு, கட்டை, தொட்டில். நடுவில் நிறுத்தாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு உண்மை சொன்னதில்லை.

அண்ணி பொறுமையாகக் கேட்டாள். நோயாளியிடம் பேசும் குரலில், “அவரு பக்கத்துல நிக்கறாரா?” என்றாள்.

“வெளியில நிக்கறான்.”

“தெரியும்.”

“இல்ல அண்ணி, அவன் சொல்லச் சொல்லி நான் சொல்லல. சத்தியமா அவன் குடிக்கல. நான்தான்…”

“செலின், இதே குரல்லதான் காய்ச்சல்னு சொல்லுவ. வால்வாம், தொட்டிலாம். காய்ச்சலே எவ்வளவோ தேவல.”

“தேசிங்குகிட்ட கேளுங்க. அவர் நம்பர் தரேன்.”

“பட்டறையில ஒருத்தர்கிட்ட என் புருஷன் குடிக்கிறாரான்னு நான் விசாரிக்கணுமா? அதெல்லாம் போன தடவையே செஞ்சு முடிச்சாச்சு. போன வாரம் நீ தனியா பேசினப்ப உண்மையப் பேசின. இப்ப அவருக்குப் பயந்து பேசுற. உன்னக் குத்தம் சொல்லல. நானும் அந்த வீட்டுல இருந்தவதான்.”

போன் வைக்கும் முன் பின்னால் ஜெசிந்தாவின் குரல் கேட்டது, “அத்தையா? அத்தையா?” என்று.

அண்ணன் உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்தான். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.


நவம்பர் 24

அவன் அறைக் கதவுக்கு வெளியே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு வாசனையும் இல்லை.


டிசம்பர் 3

இரண்டு நாள் மழை விட்டது. தேசிங்கின் ஃபைபர் படகு மதலேனைக் கட்டி இழுத்துக்கொண்டு அக்கரை போனது. நான் சாலை வழியாகப் போனேன். அண்ணன் வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தொட்டில் அழகாக இருந்தது. வேங்கைக் கட்டை, மூலைகளில் பழைய டயர் துண்டு. அண்ணன் தச்சு வேலை செய்து நான் பார்த்ததில்லை. மூலைகள் எல்லாம் கணக்காகச் சேர்ந்திருந்தன.

படகு தொட்டிலில் ஏறிக் கரைக்கு வந்ததும் தேசிங்கு உள்ளே இறங்கி, ஸ்பானரை வால்வில் மாட்டினார். திருகவில்லை. சும்மா வைத்து அழுத்தினார். முறிந்து கையோடு வந்தது. உள்பக்கம் முழுவதும் இளஞ்சிவப்பு, விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது.

“இன்னும் பத்து நாள் தாங்கியிருக்காது” என்றார். “அன்னிக்கே சொன்னன் பாரு, மாடி டேங்கு வால்வுன்னு.” சிரிக்கப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பத்து நாள். அப்படியானால் டிசம்பர் பத்தாம் தேதி இரவு நான் பயந்ததுதான் நடந்திருக்கும். நான் பயந்தது சரி. இதை அண்ணனிடம் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால், அதனால்தானே நான் என்று தொடங்கும். சொல்லவில்லை.

அண்ணன் வெண்கல வால்வைத் தானே பொருத்தினான். யாரையும் தொடவிடவில்லை.


டிசம்பர் 10

மழை இல்லை. வானம் வெளுத்திருந்தது. ஞாயிறு பூசைக்குப் போய் வந்தோம், தனித்தனியாக.


டிசம்பர் 26

கடலூருக்குப் பேருந்தில் போனேன். அண்ணி வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. ஷீலா டியூட்டிக்குப் போயிருக்கிறாள், குழந்தை தூங்குகிறது என்றார். பகல் பதினொரு மணி. உள்ளே டி.வி.யில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது.

கொண்டுபோன கேக்கை வாங்கிக்கொண்டார். முறிந்த வால்வும் பையில் இருந்தது. காட்டினால் நம்புவாள் என்று நினைத்துக் கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மாவிடம் அதை எடுத்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.


பிப்ரவரி 16

இவ்வளவு நாள் எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதி முடித்துவிடுகிறேன்.

ஜனவரி 27ஆம் தேதி அண்ணி கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக்கொண்டு குழந்தையோடு போய்விட்டாள். பள்ளி மாற்றத்துக்கு அப்பாவின் கையெழுத்து கேட்டு ஒரு தாள் தபாலில் வந்தது. அண்ணன் அதை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தான், பிறகு கையெழுத்துப் போட்டுக் கடலூர் முகவரிக்கே அனுப்பினான். புதிய முகவரி எங்களிடம் இல்லை.

அண்ணன் குடிக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது என்பதற்கு மேல் அவன் என்னிடம் பேசுவதில்லை.

படகின் உரிமை மாற்றத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது மதலேன் அவன் பெயரில் இருக்கிறாள். நேற்றுக் காலை அவனும் தேசிங்கும் அவளை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் எடுத்துப் போனார்கள். மாலை நாலரை மணிக்குத் திரும்பி வந்தார்கள். எனக்கு அது இன்று காலை தேசிங்கு சொல்லித்தான் தெரியும்.